என்னால் ஏலாது

மலாயாவில், பாலோ ரயில் ஸ்டேஷன் குவாட்டர்ஸின் பின்புறம் ஒரு கிணறு இருந்தது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் தடவையாக அந்த உப்புச் சுவை என் வாயில் வந்தது. இருமல் சில மாதங்களாகவே இருந்தது. மழை விடாமல் பெய்த காலம்; யாருக்குத்தான் இருமல் இல்லை என்று இருந்துவிட்டேன். அன்று இருமியபோது தொண்டைக்குள் வெதுவெதுப்பாக ஏதோ ஊறி வந்தது. துப்பினேன். சவர்க்கார நுரையின்மேல் சிவப்பாக விழுந்தது.

ஒரு வாளி தண்ணீரை ஊற்றி அதைக் கழுவிவிட்டேன். மிச்சத் துணியையும் துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அப்போது நான் அப்படிப்பட்டவள். என் கணவர் செல்லையா அந்தச் சிறு ஸ்டேஷனின் மாஸ்டர். இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள், கிறிஸ்தவர்கள். எங்களுக்கு ரூபி என்று ஒரு மகள். அப்போது அவளுக்கு நாலு வயது. சரக்கு வண்டியில் எங்களுக்கு வரும் அரிசி மூட்டையை, போர்ட்டர் வரத் தாமதமானால் நானே இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். கோழி வளர்த்தேன், தோட்டம் போட்டேன், அக்கம்பக்கத்துத் தோட்டப் பெண்களின் பிரசவத்துக்கு ஓடினேன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தினேன். யாராவது புகழ்ந்தால், “எல்லாம் கர்த்தர் தந்த பெலன்” என்பேன். வாய் அப்படிச் சொல்லும். உள்ளுக்குள் அந்தப் பெலன் என் சொந்தச் சொத்து.

அடுத்த வாரம் என் கணவர் தலையணை உறையில் கறையைப் பார்த்துவிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். உறையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ரயிலில் குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டிரெஸ்ஸர் (டாக்டரின் உதவியாளர்) என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஜொகூர் பாருவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் டாக்டர் ராகவன். மதராசில் படித்தவர். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இது வலது நுரையீரல்மா. மேல் பக்கம் பஞ்சு வெச்ச மாதிரி வெள்ளையா இருக்கு, பாருங்க. நடுவில ஒரு ஓட்டை.”

“கசமோ, டாக்டர்?” என்றேன். கசம் (சயரோகம், காசநோய் என்றும் சொல்வார்கள், கிருமி நுரையீரலை அரித்துத் தின்னும் நோய்) என்ற சொல்லை எங்கள் வீடுகளில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னதும் என் கணவர் தரையைப் பார்த்தார்.

“ஆமாம்மா.”

“மருந்து?”

“சொல்லிக்கிற மாதிரி பெரிசா மருந்து கிடையாது. நல்ல சாப்பாடு, நல்ல காத்து. அதோட படுக்கணும்.”

“எவ்வளவு காலம்?”

“மாசக்கணக்கு. வருஷமும் ஆகலாம்.”

“படுத்துக்கொண்டு என்ன செய்யவேணும்?”

“ஒண்ணுமே செய்யக் கூடாது. எழுந்து நடக்கக் கூடாது. கையைத் தூக்கக் கூடாது. தலை வாரிவிடறதுகூட இன்னொருத்தர்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவே இருமலாக மாறியது.

அந்த ஆஸ்பத்திரியில் இந்த நோய் கண்ட பெண்களுக்கு ஒரே ஒரு வார்டுதான். ரயிலில் இருப்பதுபோல முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேதம் அங்கே கிடையாது. நீளமான கட்டடம், இரண்டு பக்கமும் திறந்த வராந்தா. மழைச் சாரல் கட்டில்வரைக்கும் வரும். எல்லாருடைய தலைமாட்டிலும் மூடி போட்ட சளிக்கிண்ணம். சீன மாதரும் மலாய் மாதரும் தோட்டத் தமிழ்ப் பெண்களும் ஒரே மாதிரி இருமினோம்.

பக்கத்துக் கட்டிலில் பாக்கியம் இருந்தாள். தம்போய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். என்னைவிட வயதில் குறைந்தவள். கழுத்தில் மஞ்சள் கயிறு, தலையணைக்கு அடியில் மாரியம்மன் கோயில் திருநீறு. காலையில் கண் விழித்ததும் அம்மனோடு சத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுவாள். “ஏன்டி ஆத்தா, நான் இங்க கெடந்து லோல்படுறேன், நீ அங்க கூழு குடிச்சிக்கிட்டு சும்மாவா இருக்க?” என்பாள். மிஸ்ஸி (அந்த நாட்டில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து அதட்டினால் கொஞ்ச நேரம் அடங்குவாள்.

வந்த புதிதில் எனக்கு அது பிடிக்கவில்லை. தெய்வத்தோடு இப்படியும் ஒருத்தி பேசுவாளா என்று முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்வேன்.

நானும் ஜெபித்தேன். ஒழுங்காக, முறையாக, கோரிக்கைகளை அடுக்கி. அதேபோலத்தான் படுத்தும் கிடந்தேன். அசையக் கூடாது என்றார்களா, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாதிருந்தேன். முட்டை குடிக்கச் சொன்னார்களா, குமட்டக் குமட்டக் குடித்தேன். இந்த நோயை நானே அடித்துத் துரத்திவிடுவேன் என்ற வைராக்கியம். ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. நாடித் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “ஸ்டேசனக்கா, நீங்க படுத்திருக்கிறதப் பாத்தா, கட்டிலத் தூக்கித் தலமேல வெச்சிருக்கிற மாதிரி இருக்குலா. எறக்கி வைங்கக்கா.”

எனக்குக் கோபம் வந்தது.

என் கணவர் லீவு கிடைக்கும்போதெல்லாம் ரயிலேறி வருவார். ஒருமுறை வந்தவர் கட்டிலிலிருந்து தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, நெடுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னங்கோ?” என்றேன்.

“ரூபியைப் பெரியண்ணை சிகாமட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டார். அண்ணி பாத்துக்கொள்ளுவா. எனக்குத் தனியச் சமாளிக்க ஏலாமப் போச்சு, அன்னம்.”

அவருடைய அண்ணனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். சிகாமட்டில் அரசாங்க உத்தியோகம். சபையில் மூப்பர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு காரியம் அவர் கைக்குப் போனால் திரும்பி வராது. பிள்ளை இல்லாத வீடு அவருடையது. என் மகள் இனி என்னிடம் வரமாட்டாள் என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றிவிட்டது.

“என்னைக் கேளாமல் ஏன் குடுத்தனீங்கள்?”

“நீர் கோவியாதையும். டாக்டர் உம்மைக் கதைக்கவும் வேண்டாம் எண்டவர்.” எழுந்து, தொப்பியை வைத்துக்கொண்டு நடந்தார். அழுவதை நான் பார்க்கக் கூடாது என்று அவசரமாகப் போனார் என்பது பின்னால் தெரிந்தது. அப்போது எனக்கு அவருடைய முதுகு மட்டுந்தான் தெரிந்தது.

எழுந்துவிட்டேன். மாதக்கணக்கில் தரையை மிதிக்காத கால்கள். பாக்கியம், “அக்கா! அக்கா!” என்று கத்தியது காதில் விழுந்தது. கட்டில் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து வராந்தாவரை போனேன். அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. ரத்தம் வந்தது.

சிமெண்டுத் தரையில் கன்னம் படக் கிடந்தேன். வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. எழுந்திருக்கக் கையை ஊன்றினேன், கை மடங்கியது. மறுபடி ஊன்றினேன். மறுபடியும் மடங்கியது. என் வாழ்க்கையில் நான் கேட்டு என் உடம்பு மறுத்தது அதுவே முதல் தடவை.

அப்போது நான் சொன்னது ஜெபமா, சண்டையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உதடு அசைந்ததோ இல்லையோ, நெஞ்சுக்குள் கத்தினேன். ‘ஆண்டவரே, என்னால் ஏலாது. ஒண்டும் ஏலாது. பிள்ளையை நீர் பாரும். அந்த மனுசனையும் நீர் பாரும். இந்த மூச்சை வேணுமெண்டா நீரே இழுத்து விடும், வேண்டாமெண்டா நிப்பாட்டும். நான் இனி எதையும் பிடிச்சுக்கொண்டிருக்க மாட்டன்.’

கைகூப்பி, கண்ணீர் மல்க ஒப்புக்கொடுத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய். சுமக்க முடியாத மூட்டையைக் கோபத்தோடு ஒருவர் காலடியில் எறிவதுபோல எறிந்தேன். அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தரிசனம் ஒன்றும் கிடைக்கவில்லை. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டார்கள். நெஞ்சில் ஐஸ் பை வைத்தார்கள், ஊசி போட்டார்கள். மறுநாள் கண் திறந்தபோது, கட்டில் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு மாதமும் அதில் படுத்திருந்தும், அது என்னைத் தாங்குவதை அன்றுதான் உணர்ந்தேன். மிஸ்ஸி தலை வாரிவிட்டாள். கழுத்தை அவள் கையில் விட்டேன்.

அடுத்த வாரங்களில் காய்ச்சல் மெல்லக் குறைந்தது. டாக்டர் ராகவன் என் கட்டிலோரம் வந்து நின்றார்.

“ஒரு வழி இருக்குமா. விலா எலும்புக்கு நடுவில ஊசி குத்தி, நுரையீரலைச் சுத்தி காத்தை நிரப்பறது. அது சுருங்கிப் படுத்துக்கும். மூச்சு வாங்கற வேலையை நிறுத்திடும். வேலை நின்னா புண் ஆறும்.”

“வேலையை விட்டால் சுகமாகுமோ?”

“அதுதான் இதில உள்ள விஷயமே. அந்த நுரையீரல் எதையும் செய்யாம இருக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை இருமல் வரவில்லை. தான் ஒரு பிரசங்கம் செய்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கடவுளை நம்பாதவர். அதை மறைப்பவரும் அல்லர்.

“உங்க மனோதிடந்தான்மா உங்களைக் காப்பாத்தணும். கடவுளை எல்லாம் நான் நடுவில கொண்டு வர்றதில்லை,” என்றார்.

“மனோதிடம் அண்டைக்கு வராந்தாவிலை விழுந்து போச்சு, டாக்டர். இனி அவரை வைச்சுத்தான் பாக்கவேணும்.”

“சரி, நீங்க அவரைப் பாருங்க. நான் ஊசியைப் பாக்கறேன்.” அவரும் சிரித்தார். அன்று முதல் அவருக்கும் எனக்கும் நல்ல சிநேகம்.

காற்றூசி (அந்த முறையை வார்டில் எல்லாரும் அப்படித்தான் சொன்னோம்) குத்தும்போது பெரிய வலி இல்லை. இடது பக்கம் சரிந்து படுக்கச் சொல்வார்கள். வலது விலாவை மரக்கப் பண்ணி, ஊசியைச் செலுத்துவார்கள். காற்று போகப்போக, நெஞ்சுக்குள் யாரோ ஒரு பெரிய தலையணையைத் திணிப்பதுபோல இருக்கும். பிறகு தோள்பட்டையில் ஒரு வலி இழுக்கும். இதைப் படிக்கிற உங்களுக்கும் இந்த ஊசி வந்தால், அந்த வலி போகும், பயப்படாதீர்கள். அந்தக் காற்று நாளடைவில் உடம்போடு கரைந்துவிடுவதால், சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி நிரப்ப வேண்டும். இது வருஷக்கணக்கில் தொடரும் என்பதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கியம் டாக்டரைக் கேட்டாள்: “எனக்கும் காத்தூசி குத்துங்களேன், தொரே.” அவர் நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டார். எனக்கு ஒரு பக்கந்தான் நோய். அவளுக்கு இரண்டு நுரையீரலிலும். ஒன்றைப் படுக்க வைத்தால் மூச்சு வாங்க மற்றதில் இடமில்லை. மிஸ்ஸி அதை எனக்குத் தனியாகச் சொன்னாள்.

ஊசி ஆரம்பித்த சில வாரங்களில், ஒரு ஞாயிறு பெரியத்தான் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் வேதப்புத்தகம். பின்னால் என் கணவர். பெரியத்தான் நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி ஒரு நீண்ட ஜெபம் செய்தார். பிறகு பேசினார்.

“தங்கச்சி, உமக்காக நாங்கள் உபவாசம் இருக்கிறம். ஒரு காரியம் கேக்கிறன். கர்த்தரை முழுமனசாய் நம்புறவைக்கு இந்த ஊசி என்னத்துக்கு? மனுசன்ரை கையை நம்பிக்கொண்டு தேவனையும் நம்புறன் எண்டால் அது பாதி விசுவாசம். பாதியை அவர் ஏற்கமாட்டார்.”

“இப்ப நான் என்ன செய்யவேணும், பெரியத்தான்?”

“சிகாமட்டுக்கு வாரும். வீட்டிலை அறை ஒழிச்சு வைச்சிருக்கு. எண்ணெய் பூசி ஜெபிப்பம். ரூபியும் அங்கைதான் நிக்கிறாள். கதவடியிலை நிண்டு அவளை நித்தமும் பாக்கலாம்.”

அவர் அதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு கனமாக இருந்தது. என் மகளைப் பார்த்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்த ரயிலில் நான் அவளைப் பார்க்கலாம்.

என் கணவரைப் பார்த்தேன். அவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரியத்தான்,” என்றேன், “நான் இப்ப ஊசியை நம்பிப் படுத்திருக்கேல்லை. என்னையும் ஊசியையும் அந்த டாக்டரின்ரை கையையும் சேத்து அவரிட்டை விட்டிட்டன். அவர் ஊசியாலை செய்தாலும் சரி, ஊசி இல்லாமல் செய்தாலும் சரி, செய்யாமல் விட்டாலும் சரி. நீங்கள் சொல்லுறது வேறை. நான் விசுவாசத்தை இறுக்கிப் பிடிச்சால் அவர் சுகம் தருவார், கொஞ்சம் இளக்கினால் தரமாட்டார். அப்ப சுகப்படுத்திறது ஆர்? என்ரை பிடிதானே? அதுவும் கைப்பெலந்தான், பெரியத்தான். என்னட்டை இப்ப அந்தப் பெலனும் இல்லை.”

“இது பெருமை, தங்கச்சி.”

“இருக்கட்டும். அதையும் அவரிட்டைச் சொல்லிவிடுறன்.”

அவருடைய முகம் கறுத்தது. “அப்ப பிள்ளையை?” என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு குரல் கேட்டது. முதலில் அது யாருடையது என்றே எனக்கு விளங்கவில்லை.

“அண்ணை, அவ இஞ்சையே இருக்கட்டும்.” என் கணவர் தலையை நிமிர்த்தியிருந்தார். “ரூபியையும் நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். எப்பிடியும் பாப்பன்.”

தமையனை எதிர்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பெரியத்தான் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாக்கியம் போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டு, “அலமாக்! ஸ்டேசனய்யா பேசிட்டாருடி ஆத்தா!” என்றாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ரூபி பாலோவுக்குத் திரும்பினாள். பகலில் போர்ட்டர் ஒருவருடைய மனைவி பார்த்துக்கொண்டாள். என் கணவர் மகளை அழைத்து வரும் நாட்களில், அவளை வராந்தாவுக்குக் கீழே புல்தரையில் நிறுத்துவார். கிட்ட வரக் கூடாது என்பது சட்டம். அவள் அங்கிருந்து எனக்கு ஆடிக் காட்டுவாள். புதிதாக விழுந்த பல்லின் இடத்தை வாய் திறந்து காட்டுவாள். நான் தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பேன். அவளைத் தூக்க வேண்டும் என்று கை பறக்கும். அதை அடக்கவும் என்னிடம் பெலன் இல்லை. அதையும் அவரிடம்தான் கொடுத்தேன், ஒவ்வொரு முறையும்.

பாக்கியத்துக்கு முடியாமல் போய்க்கொண்டிருந்தது. குரல் போய்விட்டது. அம்மனோடு இப்போது உதட்டால்தான் சண்டை. ஒருநாள் என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள்.

“அக்கா, ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.”

“சொல்லாமல் ஒரு நாளும் விடேல்லை, பாக்கியம்.”

“பயமாத்தான் இருக்கு. ஆனா அவ விட மாட்டா. எங்க போனாலும் அவ மடிதானே?”

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவள் போனாள். தோட்டத்திலிருந்து புருஷன் வந்து சேர்வதற்குள் கட்டிலைக் கழுவிவிட்டார்கள். அவன் ஈரத் தலையோடு வந்து, வெறும் கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றான். என்னிடம், “ஏதாச்சும் சொல்லிச்சாங்கம்மா?” என்று கேட்டான். “பயமில்லாமல் போனவ” என்றேன். முழு உண்மை அல்ல. அவனுக்கு அது வேண்டியிருந்தது.

அவள் போன பிறகு நான் கடவுளோடு போட்ட சண்டையை இங்கே எழுத முடியாது. ஏன் அவள், ஏன் நான் அல்ல என்று கேட்டேன். பதில் வரவில்லை. வராததை வந்தது என்று எழுத மாட்டேன். ஆனால் சண்டை போடவும் அவரிடம்தான் போனேன். வேறு யாரிடம் போவது?

காலம் சென்றது. சளியில் கிருமி இல்லை என்று சோதனை வந்தது. மறு சோதனையிலும் இல்லை. உட்கார விட்டார்கள். பிறகு நிற்க விட்டார்கள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க விட்ட நாளில், டாக்டர் ராகவன் கூடவே நடந்து வந்தார். கடைசியில் பாலோவுக்கு அனுப்பினார்கள். காற்றூசிக்கு மட்டும் ரயிலேறி வந்து போனேன்.

நான் வீடு திரும்பிய சில மாதங்களில் குளுவாங்கில் ஒரு சபை வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். பெரியத்தான்தான் முன்நின்று ஏற்பாடு செய்தார். வார்டில் நடந்ததை அவர் மன்னித்துவிட்டார், அல்லது மறந்துவிட்டார். கூட்டம் நிறைந்திருந்தது. அவர் எழுந்து, “எங்கடை உபவாசத்துக்கும் இந்தச் சகோதரியின்ரை அசையாத விசுவாசத்துக்கும் கர்த்தர் பலன் தந்தார். இப்ப அவவே சாட்சி சொல்லுவா,” என்றார்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஒரு மூச்சில் ஒரு வாக்கியந்தான் என்னால் முடியும். அதனால் நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.

“என்ரை விசுவாசம் அசையாமல் இருக்கேல்லை. அது வராந்தாவிலை என்னோடை விழுந்து உடைஞ்சது. என்னைப் பிடிச்சவர் அசையேல்லை, அவ்வளவுதான். என்ரை பக்கத்துக் கட்டிலிலை பாக்கியம் எண்டொரு பிள்ளை கிடந்தவ. தோட்டத்துப் பிள்ளை. என்னிலும் பெரிய நம்பிக்கை அவவுக்கு. அவ செத்துப்போனா. விசுவாசத்துக்குக் கூலி சுகம் எண்டால், அவ உயிரோடை இருக்கவேணும். நான் போயிருக்கவேணும். ஆனபடியால் அந்தச் சாட்சியை நான் சொல்லமாட்டன்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருவர் இருமினார். பெரியத்தான் என்னருகே வந்து, தாழ்ந்த குரலில், “தங்கச்சி, சனங்களின்ரை விசுவாசத்தைக் குலையாதையும்,” என்றார்.

“கூலி குடுக்காட்டில் குலையிற விசுவாசம் குலையட்டும், பெரியத்தான்,” என்றேன். எல்லாருக்கும் கேட்டது. “நான் அவரை நம்புறன். சுகத்துக்காக இல்லை. திரும்பவும் இந்த நோய் வந்து நான் செத்தாலும் நம்புவன். எனக்கு வேறை சாட்சி இல்லை.”

உட்கார்ந்தேன். என் கணவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள். முன்பின் தெரியாதவள். அவளுடைய மகன் முந்திய வருஷம் மலேரியாவில் போயிருக்கிறான். “நான் சரியா நம்பாததாலதான் போயிட்டான்னு சொன்னாங்கம்மா,” என்றாள். “அப்பிடி இல்லதானே?” இல்லை என்றேன். அவள் கையை விடாமல் அங்கேயே நின்று அழுதாள். நான் யாருக்கும் பயப்படாமல் பேசியதற்கு அந்த ஒரு நாளில் எனக்கு அது போதுமாயிருந்தது.

இதைப் படிக்கிற சகோதரி, நீங்கள் இப்போது எந்தக் கட்டிலில் கிடக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் வந்து நின்று, தைரியமாக இருந்தால் பிழைப்பாய் என்று ஒருவர் சொல்வார். நன்றாக நம்பினால் பிழைப்பாய் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரையும் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். சளிக்கிண்ணத்தை மூடி வையுங்கள். முட்டையைக் குடியுங்கள். உங்களால் ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லுங்கள், சத்தம் போட்டே சொல்லுங்கள். கேட்கிறவர் இருக்கிறார். அதற்கு அத்தாட்சி தா என்று கேட்டால் என்னிடம் இல்லை. இத்தனை நடந்தும் நான் அவரை விடவில்லை, அவரும் என்னை விடவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது காற்றூசி நின்றுவிட்டது. வலது நுரையீரலை மெல்ல விரிய விட்டார்கள். ஆனால் அது பழையபடி விரியவில்லை. மேல் பகுதி வடுவாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு தோள் தாழ்ந்திருக்கும். மேட்டில் ஏறும்போது நின்று நின்றுதான் ஏறுகிறேன். ஸ்டேஷன் வீட்டில் எல்லாருக்கும் ரயில்தான் கடிகாரம். எனக்கு மட்டும் மூச்சு. அது வருகிறவரைக்கும் நான் புறப்படுவதில்லை. அதைத் துரத்துவதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கூடிப் பாடுவோம். ஒரு வரியை முழுதாகப் பாட எனக்கு மூச்சுப் போதாது. பாதியில் நின்றுவிடுவேன். மற்றவர்கள் பாடிக்கொண்டு போவார்கள். என் கணவர் சுருதி தப்பிப் பாடுவார். ரூபியின் குரல் எல்லாருக்கும் மேலே எழும். நான் வாயை மூடிக் காத்திருப்பேன். மூச்சு வரும். வராத நாள் ஒன்றும் இருக்கிறது; அது எனக்குத் தெரியாமல் இல்லை. வந்ததும், அவர்கள் எந்த வரியில் இருக்கிறார்களோ அந்த வரியில் சேர்ந்துகொள்வேன்.